ஒபாசிட்டியா, ஃப்ளோவா? ஒரு தூணும் இரண்டு நிழலும்

திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் காலையில் நின்றால், மேற்குப் பக்கத் தூண்கள்மேல் வெயில் நேராக விழும். 1636-இல் கட்டிய அரண்மனை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய உருண்டைத் தூண்களை ஒருவர் கையால் கட்டிப்பிடிக்க முடியாது. அவற்றின் உடம்பில் வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே கோடு கிடையாது. வெள்ளை மெல்ல மஞ்சளாகி, மஞ்சள் மெல்லச் சாம்பலாகிறது. அதே தூண் தரையில் போடும் நிழலோ கத்தியால் வெட்டி எடுத்தது போல் இருக்கிறது.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் இந்தத் தூணைத்தான் டேப்லெட்டில் வரைந்துகொண்டிருந்தாள். வரையும் மென்பொருளில் பிரஷ் எவ்வளவு நிறம் இட வேண்டும் என்று சொல்ல ஒபாசிட்டி, ஃப்ளோ என்று இரண்டு அளவுகள் உண்டு. "மாமா, ஒபாசிட்டியைக் குறைத்தாலும் நிறம் வெளிறுகிறது, ஃப்ளோவைக் குறைத்தாலும் வெளிறுகிறது. பிறகு எதற்கு இரண்டு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வருடக்கணக்கில் வரைபவர்கள்கூட இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கையில் வந்ததைக் குறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாயை வைத்து அவளுக்கு விளக்கினேன். வரத்துக்கால் வழியாக வந்து சேரும் தண்ணீர்தான் ஃப்ளோ. நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்குதான் ஒபாசிட்டி. தண்ணீர் சன்னமாக வந்தாலும் பெருக்கெடுத்து வந்தாலும் கலுங்கு மட்டத்தைத் தாண்டி நிற்காது. ஃபோட்டோஷாப்பில் ஒபாசிட்டியை 50 சதவீதத்தில் வைத்து, பேனாவை எடுக்காமல் ஒரே இடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் நிறம் பாதிக்கு மேல் ஏறாது. பேனாவை எடுத்து மறுபடி வைத்தால்தான் அடுத்த அடுக்கு சேரும்: இரண்டாம் இழுப்பில் 75, மூன்றாவதில் 87.5.

ஃப்ளோவின் கணக்கு வேறு. பிரஷ் இழுக்கும் கோடு உண்மையில் கோடு அல்ல, பூச்சரம். பிரஷ் முனையின் அச்சு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து தொடுத்தாற்போல் ஆகிறது. ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு நிறம் இறங்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான் ஃப்ளோ. அதனால் ஸ்பேசிங்கை, அதாவது பிரஷ் அகலத்தில் எத்தனை சதவீதத்துக்கு ஓர் அச்சு என்ற இடைவெளியைப் பார்க்காமல் ஃப்ளோவைப் பற்றிப் பேசவே கூடாது. மல்லியை நெருக்கிக் கட்டினால் சரம் கனமாகிறது, இடைவெளி விட்டுக் கட்டினால் மெலிகிறது, அதே கதைதான். கூர்மையான வட்டப் பிரஷ், ஸ்பேசிங் 25 சதவீதம், ஃப்ளோ 10 என்று வைத்தால் கோட்டின் நடுவில் ஒரு புள்ளிமேல் நான்கு அச்சுகள் விழும். நிறம் ஏறத்தாழ 34 சதவீதம் நிற்கும். ஸ்பேசிங்கை மட்டும் 10 ஆக்கினால் பத்து அச்சுகள், 65 சதவீதம். ஃப்ளோவைத் தொடவே இல்லை, நிறம் இரண்டு மடங்கு நெருங்கிவிட்டது. வேறொருவரின் அளவுகளை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு வரைபவர்களுக்கு அதே பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி தூணுக்கு வருவோம். அதன் உருட்சிக்கு ஃப்ளோதான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒபாசிட்டியை 30-இல் வைத்துப் பக்கம் பக்கமாக இழுத்தால், இழுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடமெல்லாம் 51, 66 என்று பட்டை விழும். வழவழப்பான தூண், கம்பி வைத்த கதவு போல் ஆகிவிடும். ஒரு திருமண வரவேற்புப் பலகைக்கு வரைந்தபோது இந்தத் தவறைச் செய்தேன். திரையில் சின்னதாகப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. பத்தடி உயரத்துக்கு அச்சாகி வந்ததும் தூண் முழுக்க வரிகள். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. இப்போது ஒபாசிட்டி 100, ஃப்ளோ 8 முதல் 15 வரை, பேனாவின் அழுத்தம் ஃப்ளோவை மட்டும் கூட்டிக் குறைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். மல்லி மொட்டுக்கும் இதுவேதான்: காம்பருகே இளம்பச்சை, மேலே போகப் போக வெள்ளை, நடுவில் தையல் தெரியக் கூடாது.

அழுத்தத்தை இரண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அழுத்தம் பாதி என்றால் ஒபாசிட்டியும் பாதி, ஃப்ளோவும் பாதி. ஓர் அச்சுக்குக் கால் பங்குதான் மிஞ்சும். மெல்லத் தொட்டால் ஒன்றும் பதியாது, கொஞ்சம் அழுத்தினால் திடுமென்று பதியும். கற்றுக்கொள்கிற கைக்கு இது வீண் சோதனை.

ஃப்ளோவுக்கும் ஒரு குறை உண்டு. 8 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 1, 2 சதவீத ஃப்ளோவில் யானைமலைக்குப் பின்னால் நிற்கும் விடியல் மூட்டத்தை இழுக்கப் பார்த்தால், சிறு மாற்றங்கள் முழுஎண்ணாகச் சுருங்கி நிறம் பாதி வழியில் நின்றுவிடும். அதற்குக் கோப்பை 16 பிட்டில் திறப்பதே வழி.

தரையில் விழுந்த நிழலுக்கு ஃப்ளோ உதவாது. அங்கே ஒரே சீரான மூடல் வேண்டும், ஓரம் தெளிவாக இருக்க வேண்டும். ஃப்ளோ 100, ஒபாசிட்டி 40, பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பு. ஆனால் இங்கே பிரஷ் ஒபாசிட்டியையும் தோற்கடிக்கும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நிழலைத் தனி லேயரில், அதாவது படத்தின்மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்ற அடுக்கில், முழு அடர்த்தியாகப் பூசி, கீழே உள்ள நிறத்தைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறைக்கு மாற்றி, லேயரின் ஒபாசிட்டியைக் குறைப்பது. நாளை வெயில் கூடுதலாக வேண்டும் என்று தோன்றினால் ஓர் இழுவையில் மாற்றிக்கொள்ளலாம். பிரஷ் போட்டதை அப்படி மாற்ற முடியாது.

மென்பொருள்களுக்கு இடையே பெயரும் இடமும் மாறும். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவில் வாஷ், பில்ட் அப் என்று இரண்டு முறைகள். வாஷில்தான் கலுங்கு இருக்கிறது, பில்ட் அப்பில் ஒபாசிட்டியும் ஃப்ளோவைப் போலவே ஏறிக்கொண்டே போகும். கிளிப் ஸ்டுடியோவில் டென்சிட்டி என்று இருப்பது கிட்டத்தட்ட ஃப்ளோதான். புரோகிரியேட்டில் ஒபாசிட்டி ஓரத்திலேயே இருக்கும், ஃப்ளோவைப் பிரஷ் ஸ்டுடியோவுக்குள் தேட வேண்டும். ஃபோட்டோஷாப்பில் எண் விசை ஒபாசிட்டியை மாற்றும், ஷிஃப்டோடு சேர்த்தால் ஃப்ளோவை. ஏர்பிரஷ் பொத்தான் அழுந்தியிருந்தால் இந்த இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இடம் ஒன்றைக் கடைசியாக அவளுக்குக் காட்டினேன். தூணின் நிழல் பக்கத்தை உற்றுப் பார்த்தால் கீழ்ப்பகுதி மெல்லத் துலங்கும். முற்றத்துத் தரையில் பட்ட வெயில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை ஃப்ளோ 5-இல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஆனால் வெயில் பக்கத்தை அது மிஞ்சிவிடக் கூடாது, மிஞ்சினால் தூண் உருளாது. அதனால் ஒபாசிட்டி 35. பேனாவை எடுக்காமல், சுண்ணாம்பு தேய்ப்பது போல் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டே போனாள். ஓர் அளவில் நிறம் தானாக நின்றது. "மாமா, கலுங்கு வந்துவிட்டது," என்றாள்.