பெஞ்சில் இருக்கும் கார்டை விடுவதா, வைத்துக்கொள்வதா: ஸ்பர்ஸும் தண்டரும் எடுத்த இரு முடிவுகள்

2012 ஜூன் 4 அன்று சான் அன்டோனியோவில் நடந்த, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில், அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் மிச்சமிருந்தபோது, ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஜேம்ஸ் ஹார்டன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இடக்கையால் பந்தை உயர்த்தினார். அவருக்கு எதிரே கையை நீட்டித் தடுக்க நின்றவர் ஸ்பர்ஸ் அணியின் காவை லெனர்ட். பந்து வளையத்துக்குள் இறங்கியது. தண்டர் 106-101 என்று முன்னேறி, 108-103 என்ற கணக்கில் ஆட்டத்தை வென்றது. அடுத்த ஆட்டத்தையும் வென்று இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது.

அந்தக் காட்சியில் நின்ற இருவருமே ஒரே கேள்வியின் இரண்டு விடைகள். லெனர்ட், அதற்கு ஓராண்டுக்கு முன் ஸ்பர்ஸ் தன் மாற்று கார்டைக் (பந்தைக் கையாண்டு ஆட்டத்தை நடத்தும் வீரர் கார்டு) கொடுத்துப் பெற்ற வீரர். ஹார்டன், அதற்கு ஐந்து மாதத்துக்குள் தண்டர் கைவிடவிருந்த மாற்று கார்டு. பெஞ்சிலிருந்து வந்து ஆடும் நல்ல கார்டை டிரேட் செய்யலாமா, அதாவது வேறு அணிக்குக் கொடுத்து மாற்றாக வேறொன்றைப் பெறலாமா என்று எந்த அணி யோசித்தாலும், இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே சரியான தொடக்கம் என்பது என் எண்ணம். தண்டர் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி, ஸ்பர்ஸ் நிர்வாகத்திலேயே தொழில் கற்றவர் என்பதால் இந்த ஒப்பீடு இன்னும் பொருந்துகிறது.

முதலில் ஸ்பர்ஸ். 2010-11 சீசனில் 61 ஆட்டங்களை வென்றிருந்த அந்த அணி, சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து மெம்பிஸிடம் 4-2 என்று தோற்று வெளியேறியது. முதன்மை கார்டு டோனி பார்க்கருக்கு மாற்றாக இருந்த ஜார்ஜ் ஹில், ஆட்டத்துக்குச் சுமார் 28 நிமிடம் ஆடி 11.6 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தார். தனக்கு மிகவும் பிடித்த வீரர்களில் ஒருவர் என்று பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் வெளிப்படையாகச் சொல்லிவந்தவர் அவர். ஆனாலும் அணிகள் புதிய வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் 2011 ஜூன் மாத டிராஃப்ட் இரவில், ஹில்லின் சொந்த ஊரான இண்டியானாபொலிஸின் பேசர்ஸ் அணிக்கு அவரை அனுப்பிவிட்டு, 15ஆவது இடத்தில் தேர்வாகியிருந்த 19 வயது லெனர்ட்டை ஸ்பர்ஸ் வாங்கிக்கொண்டது.

இந்த முடிவு ஏன் சரியானது என்பதை, லெனர்ட் பின்னாளில் என்ன ஆனார் என்பதை மறந்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஹில் செய்த வேலையைப் பார்க்கர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். பார்க்கர் ஓய்வெடுக்கும்போது பந்தைப் பிடித்து ஆட்டத்தை நடத்த மனு ஜினோபிலி இருந்தார். அணியில் ஓட்டை விழுந்திருந்த இடம் வேறு: எதிரணியின் உயரமான விங் வீரர்களை (களத்தின் பக்கவாட்டில் ஆடுபவர்களை) தடுக்க ஆள் இல்லை, ரிச்சர்ட் ஜெஃபர்சன் தேய்ந்துகொண்டிருந்தார். ஹில்லின் தொடக்க ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டுதான் இருந்தது; அதன் பிறகு அவருக்குப் பெரிய சம்பளம் தர வேண்டியிருந்திருக்கும். ஆகவே ஸ்பர்ஸ் கொடுத்தது தன்னிடம் மிகுதியாக இருந்ததை. வாங்கியது தன்னிடம் இல்லாததை.

தண்டரின் கணக்கு இப்படியிருக்கவில்லை. ஹார்டனும் பெஞ்சிலிருந்துதான் வந்தார். தொடக்க ஐவரில் ஷூட்டிங் கார்டாக நின்றவர் தபோ செஃபலோஷா. ஆனால் 2011-12 சீசனில் ஹார்டன் ஆட்டத்துக்கு 31 நிமிடத்துக்கு மேல் ஆடி, 16.8 புள்ளிகள் எடுத்து, ஆண்டின் சிறந்த ஆறாவது வீரருக்கான (பெஞ்சிலிருந்து வந்து ஆடுபவருக்கான) விருதை வென்றார். அணியின் முன்னணி வீரர்களான கெவின் டுரான்ட்டும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் பெஞ்சில் அமர்ந்த நேரத்தில், சக வீரர் நிக் காலிசன் மேலே வந்து ஸ்கிரீன் போட (தடுப்பாளரின் வழியை மறித்து நிற்க), ஹார்டன் அந்தத் தோளை உரசியபடி வளைந்து சென்று, உதவிக்கு வரும் தடுப்பாளர் எந்தக் காலில் எடையை வைக்கிறார் என்று பார்த்து, உள்ளே நுழைவதா காலிசனிடம் பந்தைத் தருவதா என்று முடிவெடுப்பார். அந்த அணியில் வேறு எவரும் அவ்வளவு நிதானமாகச் செய்யாத வேலை அது. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவர் களத்தில்தான் இருந்தார். பெயருக்கு மாற்று கார்டு, பொறுப்பில் முதன்மை வீரர்.

அவரை விடுவதற்கான காரணங்களையும் நேர்மையாக எடை போட வேண்டும். மயாமிக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஹார்டன் சோபிக்கவில்லை. ஐந்து ஆட்டங்களில் சராசரி 12.4 புள்ளிகள், கூடை முயற்சிகளில் வெற்றி 37.5 சதவீதம். ஆனால் 22 வயது வீரரின் ஐந்து ஆட்டங்களை வைத்து அவர் எதிர்காலத்தை அளப்பது சரியல்ல என்பதால், இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலுவான காரணம் பணம். டுரான்ட்டும் வெஸ்ட்புரூக்கும் ஏற்கெனவே நீண்டகாலப் பெரிய ஒப்பந்தங்களில் இருந்தார்கள். 2012 ஆகஸ்டில் இன்னொரு வீரரான செர்ஜ் இபாகாவுக்கும் நான்கு ஆண்டு நீட்டிப்பு கிடைத்தது. 2011இல் உருவான புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி, 2013-14 முதல் சொகுசு வரி (மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டும் அணி கட்ட வேண்டிய வரி) படிப்படியாக ஏறும்: வரம்பைத் தாண்டும் முதல் 50 லட்சம் டாலருக்கு ஒவ்வொரு டாலருக்கும் 1.50, அடுத்த 50 லட்சத்துக்கு 1.75, அதற்கடுத்த 50 லட்சத்துக்கு 2.50 என்று. ஓக்லஹோமா சிட்டி போன்ற சிறிய சந்தையில் இயங்கும் அணிக்கு இது வெற்று அச்சம் அல்ல.

இருந்தும், அப்போது வெளியான செய்திகளின்படி, ஹார்டனுக்கு தண்டர் முன்வைத்தது நான்கு ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடி டாலர். அவருக்குத் தரக்கூடிய உச்சத் தொகை சுமார் 6 கோடி. வரியையும் சேர்த்தால் இடைவெளி பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுமையை இறக்க வேறு வழி கையிலேயே இருந்தது. அணியின் இன்னொரு வீரரான கென்ட்ரிக் பெர்கின்ஸின் ஒப்பந்தத்தை, புதிய விதிகள் அளித்த ஒருமுறை விலக்கைப் பயன்படுத்திச் சம்பள வரம்புக் கணக்கிலிருந்தும் வரிக் கணக்கிலிருந்தும் நீக்கியிருக்கலாம். பெர்கின்ஸுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும், வரி மேல் வரி ஏறுவது நின்றிருக்கும். அந்த வழியை தண்டர் கடைசிவரை பயன்படுத்தவில்லை.

இதைவிட எனக்கு ஆதங்கம் தருவது மூன்றாவது வழியை விட்டதுதான்: நீட்டிப்பும் வேண்டாம், டிரேடும் வேண்டாம், இன்னும் ஒரு சீசன் ஆடிப் பார்ப்போம் என்ற வழி. நீட்டிப்புக்கான கெடு 2012 அக்டோபர் 31. அது கடந்திருந்தாலும், 2013 கோடையில் ஹார்டன் கட்டுப்பாடுள்ள சுதந்திர வீரராகத்தான் ஆகியிருப்பார். வேறு அணி எவ்வளவு கொடுக்க முன்வந்தாலும் அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை தண்டரிடம் இருந்திருக்கும். அந்த ஓராண்டுக்கு அவருடைய சம்பளம் 60 லட்சம் டாலருக்கும் குறைவு. காத்திருந்தால் டிரேடில் கிடைக்கும் விலை இறங்கியிருக்கலாம். வாங்கும் அணிக்கு உடனே நீண்ட ஒப்பந்தம் எழுதும் வாய்ப்பு போயிருக்கும். இறுதிப் போட்டி வரை வந்துவிட்ட ஓர் அணி, அந்த இழப்பைப் பொறுத்துக்கொண்டு இன்னொரு முறை முழு பலத்துடன் கோப்பைக்கு மோதியிருக்க வேண்டும்.

கெடுவுக்கு நான்கு நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, ஹார்டன் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்குப் போனார். பதிலாக வந்தவர்கள் கெவின் மார்ட்டின், ஜெரமி லாம்ப், அவர்களோடு டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும். ஹூஸ்டன் அவருக்கு ஐந்து ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே டெட்ராய்ட்டில் 37 புள்ளிகள், 12 அசிஸ்ட்கள் (சக வீரர் கூடை போட உதவிய பாஸ்கள்). தண்டருக்கு மிஞ்சியவற்றில் நிலைத்த பயன் தந்தவர், அந்தத் தேர்வுகளில் ஒன்றின் வழியே 2013இல் 12ஆவதாக வந்த ஸ்டீவன் ஆடம்ஸ் மட்டுமே. மார்ட்டின் ஒரே சீசனில் மின்னசோட்டாவுக்குப் போய்விட்டார். வாங்கியதில் எதுவும் மோசமில்லை. ஆனால் பந்தைக் கையில் எடுத்து ஆட்டத்தை நடத்தும் ஆள் அந்தப் பட்டியலில் இல்லை.

அதன் விலை அதே சீசனில் தெரிந்தது. 60 ஆட்டங்களை வென்று மேற்கில் முதலிடம் பிடித்த தண்டர், 2013 பிளேஆஃபின் முதல் சுற்றில் ஹார்டனின் ராக்கெட்ஸையே சந்தித்தது. இரண்டாவது ஆட்டத்தில் ராக்கெட்ஸின் பேட்ரிக் பெவர்லி மோதியதில் வெஸ்ட்புரூக்கின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அந்தச் சுற்றை எப்படியோ கடந்தாலும், அடுத்த சுற்றில் மெம்பிஸ் தன் தடுப்பாட்டம் முழுவதையும் டுரான்ட்டின் மேல் குவித்து 4-1 என்று முடித்துவிட்டது. அவருடைய கையிலிருந்து பந்தை வாங்கி ஐந்து நிமிடம் மூச்சு வாங்க விட ஒருவர் இருந்திருந்தால் என்று, அந்தத் தொடரைப் பார்த்த எவருக்கும் தோன்றியிருக்கும்.

ஓராண்டு கழித்து, 2014 மே 31 அன்று, ஸ்பர்ஸுக்கும் அதே சோதனை வந்தது. ஓக்லஹோமா சிட்டியில் நடந்த மேற்கு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், கணுக்கால் வலியால் பார்க்கர் இரண்டாம் பாதி முழுவதும் ஆடவில்லை. தங்களுக்கு உண்மையில் தேவையான பெஞ்ச் கார்டு யார் என்று அறிந்து, ஹில்லை விட்டு ஜினோபிலியை 36 வயதிலும் வைத்துக்கொண்டிருந்த அணி, கூடுதல் நேரத்தில் 112-107 என்று வென்றது. அடுத்து மயாமியை 4-1 என்று வென்று கோப்பையையும் தூக்கியது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருது லெனர்ட்டுக்குக் கிடைத்தது.