மோப்ப விரிப்பு: மூக்குக்கும் மூளைக்கும் ஒரு வேலை

ஸ்னஃபிள் மேட் என்ற பெயரில் விற்கப்படும் மோப்ப விரிப்பு, பார்வைக்கு மிக எளிய பொருள். துளைகள் நிறைந்த ரப்பர் அடித்தளத்தில் மென்மையான துணிக் கீற்றுகளை நெருக்கமாக முடிந்திருக்கிறார்கள். அவற்றுக்கு இடையே உலர் உணவைத் தூவிவிட்டால், நாய் மூக்கால் துழாவி ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தின்னும். கிண்ணத்தில் வைத்தால் ஒரே மூச்சில் விழுங்கிவிடும் உணவுக்காக எங்கள் நாய் இப்போது நிதானமாக உழைக்கிறது; தின்று முடித்ததும் முன்போல் கதவைச் சுரண்டி அமர்க்களம் செய்யாமல் அமைதியாகப் படுத்துவிடுகிறது.

உணவைச் சும்மா கொடுக்காமல் இப்படித் தேடவிடுவது கொடுமையல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கிளென் ஜென்சன் 1963இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்திலேயே கிண்ணத்தில் உணவு இருந்தபோதும் எலிகளில் பெரும்பாலானவை நெம்புகோலை அழுத்தியும் உணவைப் பெற்றுத் தின்றன. பிறகு வேறு பல விலங்குகளிடமும் இதே நாட்டம் காணப்பட்டது. இரை தேடுவதற்கென்றே அமைந்த புலன்களும் மூளையும் வேலையின்றிக் கிடப்பதுதான் உண்மையான துன்பம். கூண்டுக்குள் ஒரே தடத்தில் ஓயாமல் நடக்கும் புலியிடமும், நாளெல்லாம் தனியே அடைபட்டுத் தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும் நாயிடமும் அந்தத் துன்பத்தை நாம் காண முடியும். அதனால்தான் நல்ல உயிரியல் பூங்காக்களில் உணவை ஒரே இடத்தில் கொட்டாமல் மரப்பொந்திலும் வைக்கோலிலும் ஒளித்து வைக்கிறார்கள்.

பூனைகளுக்கு மட்டும் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் உழைக்காமல் கிடைக்கும் உணவையே நாடின. ஆகவே பூனைக்கு முழு உணவையும் விரிப்பில் ஒளிக்காமல், பிடித்த தின்பண்டத்தில் சிறிதளவு மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

விரிப்பின் குறைகளும் சிறியவை அல்ல. எச்சிலும் உணவின் எண்ணெயும் துணியில் ஊறி விரைவில் நாற்றமடிக்கின்றன. அடிப்பக்கம் காய நெடுநேரம் ஆகிறது, ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரமான உணவுக்கு இது அறவே பயன்படாது. எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, கடித்துக் குதறும் பழக்கமுள்ள நாய் துணிக் கீற்றைப் பிய்த்து விழுங்கினால் குடலில் அடைப்பு ஏற்படலாம் என்பது. பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது. உணவு தீர்ந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும். மெல்லுவதில் பிரியமுள்ள நாய்க்கு, உள்ளே உணவை அடைத்துக் கொடுக்கும் கெட்டியான ரப்பர் பொம்மையே ஏற்றது.

தொடக்கத்திலேயே உணவை ஆழமாக ஒளித்தால் நாய் சலித்து விலகிவிடும். சில நாட்கள் மேற்பரப்பில் தூவி, பழகியபின் உள்ளே தள்ள வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருந்தால் தனித்தனி அறையில் கொடுப்பது சண்டையைத் தவிர்க்கும்.

வாங்கும் முன், பழைய துண்டு ஒன்றில் உணவைத் தூவிச் சுருட்டிக் கொடுத்து, உங்கள் நாய்க்குத் தேடலில் விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். விருப்பம் இருந்தால், கீற்றுகள் அடித்தளத்தில் இறுக முடியப்பட்ட, சலவை இயந்திரத்தில் துவைக்கக்கூடிய விரிப்பைத் தயங்காமல் வாங்கலாம். ஒட்டுப்பசையால் ஒட்டியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.