அங்கோலாவின் இரு வெளியுறவுப் பாதைகள்

ஆப்பிரிக்க நாடான அங்கோலாவில் 2002இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, சிதைந்த நாட்டைக் கட்டியெழுப்பக் கடன் தேடிய அதிபர் ஜோசே எட்வார்டோ டோஸ் சாண்டோஸிடம் பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) எண்ணெய் வருவாய்க்குக் கணக்குக் கேட்டது. சீனாவோ எண்ணெயையே கேட்டது. 2004இல் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் அளித்த 200 கோடி டாலரில் தொடங்கிய அந்த உறவில், கச்சா எண்ணெயே கடனுக்குப் பிணையாக நின்றது. சாலைகளும் இருப்புப்பாதைகளும் விரைவாக எழுந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் 2014இல் விலை சரியத் தொடங்கியதும், அதே தவணையை அடைக்க முன்னிலும் அதிகமான பீப்பாய்களைக் கப்பலேற்ற வேண்டியதாயிற்று.

2017இல் அதிபராகப் பதவியேற்ற ஜோவாவ் லொரென்சோ பல வாசல்களைத் தட்டினார். மறுஆண்டே பன்னாட்டு நிதியத்தின் கடன் திட்டத்தை ஏற்றார். 2022 அக்டோபரில், உக்ரைன் பகுதிகளை ரஷ்யா இணைத்துக்கொண்டதைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் வாக்களித்தார் (ரஷ்ய ஆயுதங்களை நெடுங்காலம் நம்பியிருந்த நாடு இது). உற்பத்தி ஒதுக்கீட்டில் பிணங்கி, 2023 டிசம்பரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கிலிருந்து விலகுவதாக அறிவித்தார். சீனப் பணத்தில் புதுப்பிக்கப்பட்ட லொபித்தோ துறைமுகத்து இருப்புப்பாதைக்கு இன்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் நிதி தருகின்றன. 2024 டிசம்பரில் ஜோ பைடன் நேரிலேயே வந்தார்.

பேரம் பேசும் வலிமையில் இரண்டாவது பாதையே மேலானது என்பது என் கணிப்பு. எனினும் ஏற்றுமதியில் எண்ணெயின் ஆதிக்கமும், பெய்ஜிங்குக்குச் செலுத்த வேண்டிய பெருங்கடனும் இன்னும் நீங்கவில்லை.