ஹெசிடன்ட், ரிலக்டன்ட், டென்டேட்டிவ்: எது எதோடு சேரும்?

தமிழில் ‘தயக்கம்’ என்ற ஒரு சொல்லை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். ஆங்கிலத்தில் அதே இடத்துக்கு ஹெசிடன்ட், ரிலக்டன்ட், டென்டேட்டிவ் என்று மூன்று சொற்கள் போட்டிக்கு நிற்கின்றன. அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் ‘தயக்கமான’ என்றே பொருள் கிடைக்கும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தில் எந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

மூன்றுக்கும் வேர் லத்தீன். ஹெசிடன்ட்டின் வேருக்கு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பது என்று பொருள். ரிலக்டன்ட்டின் வேர் எதிர்த்து மல்லுக்கட்டுவது. டென்டேட்டிவ், தொட்டுத் தடவிப் பார்ப்பது. இன்றைய புழக்கத்திலும் இந்த வாசனை போகவில்லை. ஹெசிடன்ட் ஆளுக்கு இன்னும் முடிவு வரவில்லை. ரிலக்டன்ட் ஆளுக்குப் பெரும்பாலும் முடிவு வந்துவிட்டது, மனம்தான் ஒப்பவில்லை. டென்டேட்டிவ் என்றால் காலை வைத்துப் பார்க்கிறார், சரிப்படாவிட்டால் எடுத்துவிடுவார்.

‘ஸ்மைல்’ என்ற சொல்லோடு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றுமே சரியான ஆங்கிலம்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு முகங்கள். ஹெசிடன்ட் ஸ்மைல் என்பது சிரிக்கலாமா வேண்டாமா என்று உதட்டில் பாதியில் நிற்பது. டென்டேட்டிவ் ஸ்மைல் எதிராளி திருப்பிச் சிரிக்கிறாரா என்று ஆழம் பார்க்கும் சிரிப்பு. ரிலக்டன்ட் ஸ்மைல் கோபமாக இருக்க நினைத்தவரையும் மீறி வந்துவிடுவது. கதை மொழிபெயர்க்கிறவர்கள் மூன்றையும் ‘தயக்கத்துடன் புன்னகைத்தான்’ என்று எழுதிவிட்டுப் போனால் காட்சியே மாறிவிடும்.

அக்ரிமென்ட் என்று வரும்போது தவறு கொஞ்சம் விலை பிடிக்கும். ரிலக்டன்ட் அக்ரிமென்ட் என்றால் வேண்டாவெறுப்பாகத் தந்த சம்மதம்; மனம் இல்லாவிட்டாலும் சம்மதம் சம்மதமே. டென்டேட்டிவ் அக்ரிமென்ட் நேர்மாறு: இரு தரப்புக்கும் விருப்பம் இருக்கலாம், ஆனால் உறுதியாகவில்லை. அமெரிக்கத் தொழிற்சங்கங்களில் இது வழக்கமான கலைச்சொல்லே. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் மே 2ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கி, செப்டம்பர் 24ஆம் தேதி டென்டேட்டிவ் அக்ரிமென்ட்டுக்கு வந்தது. உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றது அக்டோபர் 9ஆம் தேதிதான். இடைப்பட்ட அந்த இரண்டு வாரத்தைக் குறிக்கத்தான் இந்தச் சொல். அங்கே ரிலக்டன்ட் என்று எழுதினால், சங்கம் பணிந்துபோனது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

டேட், ஷெட்யூல், பிளான், கன்க்ளூஷன் போன்ற சொற்களுக்கு முன்னால் டென்டேட்டிவ்வுக்குப் போட்டியே இல்லை. ‘ஹெசிடன்ட் டேட்’ என்றால் தேதியே கூச்சப்படுவதுபோல் இருக்கும். தமிழில் இதற்கு ‘உத்தேச’ என்ற அருமையான சொல் கையிலேயே இருக்கிறது. போட்டித் தேர்வு எழுதியவர்கள் ‘உத்தேச விடைக்குறிப்பு’ என்பதை மறக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் பலர் ‘தற்காலிக’ என்று போடுகிறார்கள். தற்காலிகம் என்றால் இப்போது நடப்பில் இருக்கிறது, பிறகு போய்விடும். உத்தேசம் இன்னும் நடப்புக்கே வரவில்லை. யுனெஸ்கோவின் டென்டேட்டிவ் லிஸ்ட் ‘தற்காலிகப் பட்டியல்’ ஆகும்போதும் இதே கோளாறுதான். ஸ்ரீரங்கம் கோயிலும் செட்டிநாட்டு ஊர்களும் 2014இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அது பிற்பாடு உலகப் பாரம்பரியத் தகுதிக்கு முன்மொழியப்படக்கூடிய இடங்களின் பட்டியலே தவிர, தற்காலிகமாகத் தரப்பட்ட தகுதி அல்ல.

‘ஸ்டெப்ஸ்’ என்ற சொல்லுக்கு டென்டேட்டிவ்தான் முதல் தேர்வு, அதுவும் ‘ஃபர்ஸ்ட் டென்டேட்டிவ் ஸ்டெப்ஸ்’ என்று மூன்றாகச் சேர்ந்தே வரும். குரலுக்கும் பேச்சுக்கும் ஹெசிடன்ட். விட்னஸ், ஹீரோ என்று ஆளைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் ரிலக்டன்ட்.

இலக்கணத்தில் அதிகம் சறுக்கும் இடம் ‘டு’. ரிலக்டன்ட்டுக்கும் ஹெசிடன்ட்டுக்கும் பின்னால் ‘டு’ போட்டு வினைச்சொல் சேர்க்கலாம்: ரிலக்டன்ட் டு ஸைன், ஹெசிடன்ட் டு ஆஸ்க். ‘டென்டேட்டிவ் டு’ என்று ஒன்று கிடையாது. ‘ஐ ஆம் டென்டேட்டிவ் டு அட்டென்ட்’ என்று மின்னஞ்சல் எழுதுகிறவர்களைக் கெடுத்தது அநேகமாக அவுட்லுக்கில் கூட்ட அழைப்போடு வரும் டென்டேட்டிவ் பொத்தான்தான். ‘அபவுட்’ ஹெசிடன்ட்டோடு இயல்பாக ஒட்டும், ரிலக்டன்ட்டோடு அவ்வளவாக ஒட்டாது. வேலைக்கான கடிதத்தில் ‘ஐ ஆம் ரிலக்டன்ட் டு ரீலொகேட்’ என்றால் ‘இடம் மாற எனக்கு இஷ்டமில்லை’ என்று கதவைச் சாத்தியதாகவே கொள்வார்கள். யோசிக்க அவகாசம் வேண்டும் என்றால் ‘எ லிட்டில் ஹெசிடன்ட் அபவுட் ரீலொகேட்டிங்’ போதும்.

வினையடைகளில் ஆளுக்கொரு கூட்டாளி. ரிலக்டன்ட்லிக்கு அக்ரீட், அக்செப்டட், அட்மிட்டட். டென்டேட்டிவ்லிக்கு ஷெட்யூல்டு, டைட்டில்டு. ஹெசிடன்ட்லிக்கு ஆஸ்க்டு, நாக்டு. ஒரு படத்துக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை என்றால் ‘டென்டேட்டிவ்லி டைட்டில்டு’ மட்டும்தான். ‘ஹெசிடன்ட்லி டைட்டில்டு’ என்று எழுதினால் இயக்குநர் கை நடுங்கியபடி பெயர் வைத்த காட்சிதான் மனதில் வரும்.

பெயர்ச்சொல்லாக மாறும்போது ஹெசிடன்ட் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கணத் தயக்கம் ஹெசிடேஷன்; அதனால்தான் ‘வித்தவுட் ஹெசிடேஷன்’. நீடித்த மனநிலை ஹெசிடன்சி. உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலக நலனுக்கான 10 அச்சுறுத்தல்களில் ஒன்றாகச் சேர்த்தது ‘வேக்சின் ஹெசிடன்சி’யை, அதாவது தடுப்பூசித் தயக்கத்தைத்தான். இரண்டையும் இடம் மாற்றிப் போட முடியாது. மருத்துவர் சீட்டில் வெறும் ஹெசிடன்சி என்று எழுதியிருந்தால் மனதைப் பற்றிய பேச்சே இல்லை, சிறுநீர் வரத் தொடங்குவதில் சிரமம் என்று பொருள்.