எலி லேபா, இ.இ.ஜி. லேபா? மூளை ஆய்வகத்தில் வேலைக்குச் சேரும் முன்

எம்.எஸ்சி. முடித்த கையோடு மூளை அறிவியல் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அக்கா, ரெண்டு லேப்ல போஸ்ட் வந்திருக்கு. ஒண்ணு எலி, இன்னொண்ணு இ.இ.ஜி. எதுல சேரட்டும்?"

இரண்டிலும் நான் இருந்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தில் எலி மூளையோடு. அடுத்த ஒன்றரை ஆண்டு வேறோர் ஊரில், மனிதர்களின் தலையில் மின்முனைத் தொப்பி மாட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் வேலை; அதுதான் இ.இ.ஜி. விளம்பரத்தில் ஜே.ஆர்.எஃப். (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ), ப்ராஜெக்ட் அசோசியேட், ரிசர்ச் அசிஸ்டென்ட் என்று பெயர் மாறும். செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். சம்பளத்தை வைத்தும் முடிவெடுக்க முடியாது. நெட் அல்லது கேட் தேறி, மத்திய அரசு நிதியில் நடக்கும் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரிக்கு முன்பு அது 31,000. எலியோடு வேலை பார்த்தாலும் மனிதரோடு பார்த்தாலும் அதே தொகைதான். அதனால் அந்த லேபில் உங்கள் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எலி லேபில் ஒரு நாள்

நான் செய்தது ஸ்லைஸ் பேட்ச் கிளாம்ப். மூளைச் சீவலில் உயிரோடு இருக்கும் ஒரு செல்லில் கண்ணாடிக் குழாயை ஒட்டவைத்து, அதன் மின்சாரத்தை அளப்பது. காலை ஏழரைக்கு லேபில் இருப்பேன். மூளையைச் சுற்றியுள்ள நீரைப் போன்ற உப்புக் கரைசல் தயாரிப்பது முதல் வேலை. அதில் 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு நாள் முழுக்கக் குமிழிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எலியின் மூளையை எடுத்ததும், தாமதிக்காமல் ஐஸ் போலக் குளிர்ந்த கரைசலில் போட்டாக வேண்டும். அப்புறம் வைப்ரடோம் என்ற வெட்டும் கருவியில் 300 மைக்ரான் தடிமனுக்குச் சீவல் எடுப்பது. சீவல் நன்றாக வந்தால் ஐந்தாறு மணி நேரம் செல்கள் உயிரோடு இருக்கும். அந்த ஐந்தாறு மணி நேரம்தான் உங்கள் நாள். மதியச் சாப்பாடு அதற்குள் வராது.

கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால் நுனி ஒரு மைக்ரான் அளவுக்குக் கூராகும். குழாய்க்குள் லேசாக அழுத்தம் கொடுத்தபடியே, நுண்ணோக்கியில் பார்த்து அதை ஒரு செல்லுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். நெருங்கும்போது செல்லின் மேல் சின்னதாக ஒரு குழி விழும். அந்தக் கணத்தில் அழுத்தத்தை விட்டுவிட்டு, குழாயோடு இணைந்த ரப்பர் டியூபின் நுனியை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். திரையில் மின்தடை ஏறி ஒரு கிகாஓமைத் தாண்டினால் கண்ணாடியும் செல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சினால் செல் போச்சு. எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976-ல் காட்டிய முறையின் வழி வந்தது இது. 1991-ல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. எனக்கு முதல் உருப்படியான பதிவு கிடைக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் எழுதிக் காட்ட என் நோட்டில் ஒன்றுமே இல்லை. அதைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடத்தைச் சோதனை செய்யும் எலி லேப் என்றால் வேறு மாதிரி. மாரிஸ் நீர்த்தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கலான நீர், அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. முதல் நாள் எலி சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி நீந்தும். நான்காம் நாள் நேராக மேடைக்குப் போய் ஏறி நிற்கும். பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் தொடங்கிவிட்டால் நடுவில் ஒரு நாள்கூட விட முடியாது. பக்கத்து லேபுக்கு உதவப் போய் ஒரு மாட்டுப் பொங்கலன்று நான் துண்டால் எலி துவட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரங்களில் தலையில் மல்லிகை கூடாது, பவுடர் கூடாது. நம் வாசனையும் சோதனைக்குள் நுழைந்துவிடும். ஆண்களின் வாசனை மட்டுமே எலிகளுக்குப் பதற்றம் தந்து அவை வலியைக் காட்டும் விதத்தை மாற்றிவிடுகிறது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் காட்டினார்கள்.

எலியைக் கொல்வது பற்றிச் சொல்லாமல் போனால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். ஒவ்வொரு விலங்குக்கும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எத்தனை, எதற்கு, வலி தெரியாமல் எப்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விதிகள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் எலியைக் கையில் பிடிப்பது நீங்கள்தான். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பழகிடும்" என்றார் சீனியர் அக்கா. இரண்டு ஆண்டிலும் எனக்குப் பழகவில்லை. ஒரு சீவலைக்கூட வீணாக்கக் கூடாது என்ற கவனம் மட்டும் வந்தது. இது உங்களால் முடியாது என்று தோன்றினால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு லேப் பாருங்கள்.

இ.இ.ஜி. லேபில் ஒரு நாள்

இங்கே சவால் எண்ணெய். சோதனைக்கு வருகிறவர்களுக்கு முந்தைய நாளே செய்தி அனுப்ப வேண்டும்: தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பாதிப் பேர் தேங்காய் எண்ணெய் மினுமினுக்க வந்து நிற்பார்கள். எண்ணெய் இருந்தால் மின்முனைக்கும் தோலுக்கும் இடையே தடை இறங்காது. ஜெல்லை விட்டு, முனை மழுங்கிய ஊசியால் முடியை விலக்கி, 64 இடத்திலும் தடையைக் குறைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். சோதனை முடிந்ததும் ஷாம்பூவும் துண்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கென்றால், தலைக்கு மேல் வரும் சமிக்ஞை அவ்வளவு சின்னது. 50 மைக்ரோவோல்ட் என்பது ஒரு டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டினால் அதைவிடப் பெரிய அலை வரும். பல்லைக் கடித்தால் எல்லாம் காலி. சுவரில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு.

கல்லூரி வாட்ச்மேன் அண்ணன் ஒருவர் ஒருநாள் சோதனைக்கு வந்தார். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வரிவரியாகப் படித்துச் சொன்னேன். தொப்பியை மாட்டியதும் கேட்டார், "ஏம்மா, நான் மனசுல நெனைக்கிறதெல்லாம் இதுல தெரிஞ்சிடுமா?"

"தெரியாதுண்ணே. கண்ண மூடிக்கிட்டு கொஞ்ச நேரம் இருங்க, என்ன தெரியுதுன்னு காட்டுறேன்."

அவர் மூடினார். பின்தலை மின்முனைகளில் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் ஆல்ஃபா அலை சீராக எழுந்தது. திறந்ததும் அடங்கியது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளை அலையைப் பதிவு செய்து, ஐந்து ஆண்டு கழித்து 1929-ல் வெளியிட்டபோது எழுதியதும் இதே அலையைப் பற்றித்தான். பதிவை அண்ணனுக்குத் திரையில் ஓட்டிக் காட்டினேன். "இது நானா?" என்று இரண்டு தடவை கேட்டார். எலி லேபில் எனக்குக் கிடைக்காத சந்தோஷம் அது. கேள்வி கேட்க ஒரு ஆள் எதிரில் இருக்கிறார். நான் செய்வதை அவருக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

கஷ்டமும் மனிதர்களால்தான். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் வரமாட்டார், ஃபோனும் எடுக்கமாட்டார். செமஸ்டர் தேர்வு வந்தால் மூன்று வாரம் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். பதிவெடுப்பது வேலையில் பாதிகூட இல்லை. மீதியெல்லாம் கணினியில் தரவை அலசுவது: மேட்லேபில் ஓடும் இஇஜிலேப், அல்லது இலவசமாகக் கிடைக்கும் எம்என்இ பைத்தான் என்ற மென்பொருள். கணினி நிரல் (கோடு) எழுதப் பயந்துகொண்டு இங்கே வராதீர்கள். ஆனால் கோடு தெரியாமல் வந்து, ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டவர்கள் நிறைய. நானும் அப்படித்தான்.

மற்ற வழிகள்

மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. லேப் என்றால் கேட்கவே கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஸ்கேனர் மருத்துவமனையுடையதாக இருந்தால் பகலெல்லாம் நோயாளிகளுக்கு, உங்களுக்கு ராத்திரிதான். இயந்திரத்தை நீங்கள் தொடவும் மாட்டீர்கள். புள்ளியியலில் ஆர்வம் இருந்தால் மட்டும் போங்கள். செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து, தற்செயலாக வரும் முடிவுகளைக் கழிக்கும் புள்ளியியல் திருத்தம் போடாமல் கணக்கிட்டால் அதன் மூளையும் "செயல்படுகிறது" என்று வரும் என 2009-ல் காட்டிய துறை அது. முழுக்கக் கணினி லேபில் ஓப்பன்நியூரோ போன்ற தளங்களில் எல்லோருக்கும் கிடைக்கும் மூளைத் தரவை வைத்து வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் ஒரு தடவையாவது பதிவெடுத்துப் பார்த்தவருக்குத்தான் எது மூளை, எது இரைச்சல் என்று கண் பழகும். முதல் வேலையாக அதை நான் சொல்லமாட்டேன்.

திசு வெட்டி ஸ்லைடு போடும் வேலையைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி', மனிதக் கருவின் மூளைக்கான முப்பரிமாண வரைபடம். அதில் 5,132 வெட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கவனமாகக் கையாண்டது.

என் முடிவு

பி.எச்டி. செய்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியாதவர்கள் இ.இ.ஜி. லேபில் சேருங்கள். ஒரே ஆண்டில் ஒரு கேள்வி, அதற்கான சோதனை, தரவு, அலசல், படம் எல்லாம் உங்கள் ஒரு ஜோடிக் கை வழியாகவே போகும். ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்று அப்போது தெரிந்துவிடும். செல்தான் வேண்டும், நரம்பு செல்லின் மின் துடிப்பை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் எலி லேபுக்குப் போங்கள்; ஆனால் இரண்டு ஆண்டுப் பணி என்றால் மட்டும். ஓராண்டுப் பணியில் கை பழகி வரும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

இன்னொன்று, இரண்டுக்கும் பொதுவானது. எலி லேபில் நான் எடுத்த பதிவுகள் பிறகு ஒரு பெரிய கட்டுரையில் வந்தன. ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை, கடைசியில் நன்றியில் இருந்தது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. சேரும்போது நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நேர்காணலிலேயே கேளுங்கள்: என் தரவு கட்டுரையில் வந்தால் என் பெயர் எங்கே வரும்? இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே? அவரோடு நான் பேசலாமா? மூன்றாவது கேள்விக்குத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.

போன மாதம் கேட்ட தங்கைக்கு எலி லேபில் வந்திருந்தது ஓராண்டுப் பணி. இ.இ.ஜி. பக்கம் போகச் சொன்னேன். ஜூனில் சேருகிறாள். சோதனைக்கு வருகிறவர்களுக்கு நான் தமிழில் அனுப்பிவந்த குறுஞ்செய்தியை அவளுக்கு அப்படியே அனுப்பியிருக்கிறேன். "எண்ணெய் வைக்க வேண்டாம்" என்ற வரியை அவள் முதலில் போட்டுக்கொண்டாள்.