81 நாள் பின்னால் வந்தவர்

அமெரிக்க பேஸ்பாலில் நிறத்தடை, அதாவது பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத வழக்கம், உடைந்த கதை என்றாலே ஜாக்கி ராபின்சன் பெயர்தான் வரும். 1947 ஏப்ரல் 15-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக இறங்கினார். ஜூலை 5-ல், அதாவது 81 நாள் கழித்து, இரண்டு பெரிய லீக்குகளில் மற்றொன்றான அமெரிக்கன் லீக்கில் அதன் முதல் கறுப்பின வீரராக, கிளீவ்லாந்துக்காக லாரி டோபி மட்டை பிடித்தார். அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

வசவும் அவமதிப்பும் இருவருக்கும் ஒன்றுதான். வேறுபாடு முன்தயாரிப்பில். ராபின்சனுக்கு 28 வயது. 1946 முழுக்க டாட்ஜர்ஸின் கிளை அணியான மான்ட்ரியாலில் ஆடவிட்டுப் பக்குவப்படுத்தியிருந்தார்கள். டோபிக்கு 23. முந்தின நாள்வரை கறுப்பினத்தவர் லீக்கில் நியூவர்க் ஈகிள்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்தவர். முதல் நாளே சக வீரர்கள் சிலர் கைகுலுக்க மறுத்தார்கள்.

விளைவு எண்களில் தெரிகிறது. அந்த ஆண்டு ராபின்சனின் மட்டை சராசரி (மட்டை பிடித்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்த விகிதம்) .297, சிறந்த புதுமுகம் விருது வேறு. டோபி 29 ஆட்டங்களில் .156. ஆனால் மறு ஆண்டே வெளிக்களத்தின் நடுவிடமான சென்டர் ஃபீல்டுக்கு மாறி .301 எடுத்தார், இரு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில் ஹோம் ரன் அடித்த முதல் கறுப்பின வீரரும் ஆனார். அன்று வெள்ளையரான பந்துவீச்சாளர் ஸ்டீவ் குரோமெக் அவரைக் கட்டியணைத்துச் சிரிக்கும் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

ஒரு விஷயத்தில் என் ஓட்டு கிளீவ்லாந்துக்கே: டோபிக்காக நியூவர்க் அணிக்குப் பணம் கொடுத்தார்கள். ராபின்சனின் பழைய அணியான கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு டாட்ஜர்ஸ் சல்லிக்காசு தரவில்லை.

பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் ராபின்சனுக்கு 1962-லேயே இடம் கிடைத்தது. டோபி 1998 வரை காத்திருந்தார்.