எடை மெஷின், இஞ்ச் டேப், நாற்பது பக்க நோட்டு: ஓராண்டு எடைக் குறைப்பில் எது உதவும், எது படுத்தும்

எடை குறைக்கத் தொடங்கிய முதல் பத்து நாளில் இரண்டு கிலோ இறங்கும். அடுத்த மூன்று வாரம் எண் அசையாது. மெஷின் கட்டிலுக்கு அடியில் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இறங்கிய இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான் என்பதை யாரும் முதலிலேயே சொல்லி வைப்பதில்லை. ஈரலிலும் தசையிலும் உடல் அரை கிலோ அளவுக்குக் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைக் கையிருப்பாக வைத்திருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் இட்லியையும் குறைத்ததும் அந்தக் கையிருப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அதில் பாதி திரும்பியும் வந்துவிடும்.

கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. தினம் 400 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 360 கிராம் போகும், அதாவது ஒரு நாளைக்கு 50 கிராம். மெஷின் காட்டும் மிகச் சிறிய படியே 100 கிராம். உப்பு, மலச்சிக்கல், முந்தின இரவு சாப்பிட்ட நேரம், வெயில் எல்லாம் சேர்ந்து தினமும் ஒரு கிலோவைச் சுலபமாக ஏற்றி இறக்கும். 50 கிராம் மாற்றத்தை ஒரு கிலோ ஆட்டத்துக்குள் தேடினால் கிடைக்குமா?

இரண்டு வார எண்கள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். முதல் வாரம், திங்கள் தொடங்கி: 82.4, 82.1, 82.9, 82.6, 82.0, 81.9, 82.3. இரண்டாம் வாரம்: 82.2, 81.8, 81.9, 82.5, 82.0, 81.6, 81.7. முதல் வாரப் புதன்கிழமையின் 82.9, செவ்வாய் இரவு ரிசப்ஷனின் கைங்கரியம். முதல் வாரச் சனிக்கிழமையும் அடுத்த வியாழக்கிழமையும் மட்டும் ஏறிப் பார்த்தவருக்கு ஐந்தே நாளில் 600 கிராம் கூடியதாகத் தெரியும். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரம் 82.3, இரண்டாம் வாரம் 81.96. குறைந்தது சுமார் 350 கிராம். நடந்தது ஒன்றுதான். ஒருவர் வெறுத்துப்போய் பரோட்டா கடைக்குப் போவார், மற்றவர் நோட்டை மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அதனால் தினமும் ஏறுங்கள், ஆனால் சராசரியை மட்டும் நம்புங்கள். காலையில் கழிப்பறை போய்வந்தபின், காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு வாரச் சராசரியும் ஏமாற்றும். மாதவிடாயை ஒட்டிய நாட்களில் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ, சிலருக்கு அதற்கும் மேல் கூடும். இந்தச் சுழற்சியின் இரண்டாம் வாரத்தைப் போன சுழற்சியின் இரண்டாம் வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் மாதத்துக்கு ஒரு ஒப்பீடுதான் கிடைக்கும். அது போதும்.

இனி மெஷின். வீட்டுக் கண்ணாடி மெஷினின் நான்கு கால்களிலும் ஆளுக்கொரு எடை உணரி இருக்கிறது. நான்கும் கெட்டியான, சமமான தரையில் நிற்க வேண்டும். கயிற்றுப் பாய், கார்ப்பெட் மேல் வைத்தால் அது சொல்வதை மறந்துவிடலாம். டைல்ஸ் இணைப்பில் ஒரு கால் இறங்கியிருந்தாலும் எண் ஆடும். ஒரு டைலில் நான்கு மூலைக்கும் பென்சிலால் குறி போட்டு, தினமும் அங்கேயே வையுங்கள். நகர்த்தியபின் காலால் ஒரு தட்டு தட்டி, 0.0 வந்து அணைந்த பிறகு ஏறினால்தான் பூஜ்யம் சரியாக அமையும். முதல் ஏற்றத்தை எழுதாமல் இரண்டாவதை எழுதுவது நல்ல பழக்கம். ரப்பர் கால்களில் முடியும் தூசியும் சேரும், மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும்.

சில மெஷின்களுக்கு ஒரு திருட்டுத்தனம் உண்டு. முந்தின எடைக்கு அருகில் வந்தால், நிலையாகத் தெரியட்டும் என்று பழைய எண்ணையே திருப்பிக் காட்டும். நாலு நாள் புள்ளி பிசகாமல் ஒரே எண் வந்தால் சந்தேகப்படுங்கள். சோதனை எளிது: பிரிக்காத 5 கிலோ அரிசி பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், இறங்கி பாக்கெட் இல்லாமல் ஏறுங்கள். வித்தியாசம் 5 கிலோவை ஒட்டி வர வேண்டும். பழைய எண் திரும்பி வருகிற மெஷின் என்றால், தினமும் முதலில் பாக்கெட்டோடு ஏறிய பிறகு எடை பார்த்தால் நினைவு அழிந்துவிடும். பேட்டரி இறங்கும்போதும் எண் தாறுமாறாகும், ‘லோ’ என்று காட்டும் வரை காத்திருக்க வேண்டாம். பட்டன் பேட்டரி போடும் மாடலாக இருந்தால் பழையதைக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

கூடுதல் விலை கொடுத்து வாங்கும் கொழுப்புச் சதவீத வசதி, நீண்ட நாள் பயன்பாட்டில் ஏமாற்றமே. மெல்லிய மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. இடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை உயரம், வயது, பாலினம் வைத்துச் சூத்திரம் ஊகிக்கிறது. குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறினால் ஒரு சதவீதம், பித்தவெடிப்புக் காலோடு ஏறினால் இன்னொன்று. ரயில் நிலைய மெஷின் அட்டையில் எடையோடு ஜோசியமும் அச்சடித்துக் கொடுத்ததே, அந்த ரகம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வசதியைப் பயன்படுத்தவே கூடாது.

அந்தப் பணத்தில் ஒரு நல்ல டேப் வாங்கலாம். துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீளும், ஃபைபர்கிளாஸ் டேப் நீளாது. பேன்ட் பெல்ட் நிற்கும் இடம் இடுப்பளவு எடுக்கும் இடமில்லை. தொப்பை உள்ளவர்களுக்கு பெல்ட் தொப்பைக்குக் கீழே போய்விடும், 34 பேன்ட் போடுபவரின் வயிறு 40 இருக்கும். பக்கவாட்டில் விரலால் தடவி, கடைசி விலா எலும்பையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே டேப் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும், முதுகுப்பக்கம் கீழே சரியக்கூடாது. வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்ட முடிவில் படியுங்கள். மூன்று முறை எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். இந்தியர்களுக்கு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டர்தான் எல்லை. டேப் பிடிக்காதவர்கள் பாவாடை நாடாவில் முடிச்சு விழும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடலாம், அல்லது பெல்ட் ஓட்டையை எண்ணலாம். இந்தக் கோடு நகர்வது பல சமயம் எண்ணுக்கு முன்னாலேயே தெரியும். புதிதாகத் தண்டால், டம்பெல் என்று தொடங்கியவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வலிக்கிற தசை தண்ணீரைப் பிடித்து வைப்பதால் முதல் சில வாரம் எடை ஏறக்கூடச் செய்யும்.

நோட்டில் தேதி, எடை, ஞாயிற்றுக்கிழமை சராசரி, இடுப்பு, தூக்கம். இவற்றோடு ஒன்று சேர்க்கச் சொல்வோம்: எண்ணெய் பாக்கெட் பிரித்த தேதி. சாப்பிட்டதை எல்லாம் எழுதுகிறவர் மூன்றாம் வாரம் நிறுத்திவிடுவார், பாக்கெட் பிரித்த தேதியை எழுத யாருக்கும் சலிப்பதில்லை. நாலு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் போனால் ஆளுக்குத் தினம் 33 மில்லி. அதை இரண்டரை லிட்டராக்கினால் 21 மில்லி. மிச்சம் சுமார் 100 கலோரி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி, நிரந்தரமாகக் குறைத்த ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் ஒரு கிலோ இறங்கும். பாதி இறங்க ஓராண்டு, கிட்டத்தட்ட முழுதும் இறங்க மூன்று ஆண்டு. உடல் சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும், அதனால்தான் இந்த இழுவை. எண்ணெயில் மட்டும் கைவைத்தால் நாலு கிலோ, அதில் இரண்டு முதல் வருஷத்தில். மற்றதில் கைவைக்காமல் ‘மூன்று மாதம் ஆச்சே’ என்று குறைப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

உண்மையிலேயே நின்றுபோனது என்று எப்போது சொல்லலாம்? நாலு வாரச் சராசரியும் இடுப்பும் இரண்டுமே அசையாவிட்டால். அப்போது முதலில் பார்க்க வேண்டியது சனி, ஞாயிறு. ஐந்து நாள் தலா 400 மிச்சம் பிடித்தால் 2,000. இரண்டு நாள் தலா 800 கூடுதலாகச் சாப்பிட்டால் 1,600 போச்சு. வாரம் முழுக்க அடங்கி நடந்ததற்குக் கூலி 50 கிராம்! அடுத்து டம்ளர்: இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40 கலோரி, நாளைக்கு மூன்று காபி என்றால் 120, பால் தனி. பிறகு கரண்டி: தோசை மாவை எடுக்கும் கரண்டி மாறியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் அசையாவிட்டால் தைராய்டு பார்க்கலாம், ஸ்டீராய்டு போன்ற மருந்து சாப்பிட்டால் மருத்துவரிடம் கேட்கலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்னமே கேட்டுவிட வேண்டும், சர்க்கரை தாழ்ந்துபோகும்.

மெஷின் அசையாத மாதங்களில் உடம்புக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் இருந்தார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மேற்கொண்ட பிரிவில் நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி (சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை), ரத்த அழுத்தம் எழுத ஒரு வரி ஒதுக்குங்கள்.

தினசரி எடை எல்லோருக்கும் ஒத்துவராது. காலை எண்ணைப் பார்த்துக் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பவர், ஒரு நாளில் மூன்று முறை ஏறுபவர், பட்டினி கிடப்பது, அடக்க முடியாமல் தின்பது போன்ற உண்ணுதல் கோளாறுக்கு முன்பு சிகிச்சை எடுத்தவர் மெஷினை விட்டு டேப்போடு நிற்கலாம். அளவு கட்டாயம் வேண்டும் என்றால் எண் தெரியும் இடத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு ஏறட்டும், வீட்டில் வேறு ஒருவர் விலக்கிப் பார்த்து எழுதி வைத்து, மாதக் கடைசியில் சராசரியை மட்டும் சொன்னால் போதும்.